ஒரு சதவீதத்தை எப்படிக் கேள்வி கேட்பது?
நலவாழ்வு ஆய்வுகள் வழியே புள்ளியியல் – மூன்று பாடவேளைகள்

பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடநூலின் எட்டாம் இயல் புள்ளியியலும் நிகழ்தகவும். திட்ட விலக்கம் காணச் சொன்னால் பெரும்பாலான மாணவர்கள் அட்டவணை போட்டு, சூத்திரத்தில் பிரதியிட்டு, சரியான விடையைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ‘இந்த விடை என்ன சொல்கிறது?’ என்று அடுத்த கேள்வி கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். கணக்கு முடிந்த இடத்தில்தான் புள்ளியியல் தொடங்குகிறது என்பதை நாமும் பல நேரங்களில் சொல்லாமல் அடுத்த பயிற்சிக்குப் போய்விடுகிறோம்.

மண்ணூர்ப் பகுதியில் பள்ளிப் படிப்பை முடிப்பவர்கள் பலர் ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம் தொழிற்சாலைகளுக்குச் செல்கிறார்கள். மாணவிகளில் சிலர் செவிலியர் படிப்பில் சேர்கிறார்கள். செவிலியர் பட்டப் படிப்பில் ஆராய்ச்சியும் புள்ளியியலும் ஒரு பாடம். உயிரியலில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்கும் அந்தப் பாடம் கடினமாக இருப்பதாகச் சொல்லக் கேட்கிறேன். செவிலியர் ஆகாதவர்கள் வீட்டிலும் நலவாழ்வு எண்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன: ரத்தப் பரிசோதனைச் சீட்டு, தடுப்பூசிச் செய்தி, ‘90 சதவீதம் பேருக்குக் குணம்’ என்னும் விளம்பரம்.

உலக மருத்துவமே படித்த இரண்டு காசநோய் ஆய்வுகள் நம் பக்கத்திலேயே நடந்துள்ளன. ஒன்று சென்னை சேத்துப்பட்டில், மற்றொன்று திருவள்ளூர்ப் பகுதியில். அவற்றைக் கொண்டு மூன்று பாடவேளைகளில் நடத்தக்கூடிய பாடத்தை இங்கே பகிர்கிறேன். மாணவருக்குச் சதவீதம், சராசரி, திட்ட விலக்கம், எளிய நிகழ்தகவு தெரிந்திருந்தால் போதும்.

முதல் பாடவேளை: சராசரி மறைப்பது என்ன?

பள்ளியில் வாராந்திர இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். ஆகவே ஹீமோகுளோபின் மாணவருக்குப் பழகிய சொல். கீழுள்ள எண்கள் பயிற்சிக்காக நான் அமைத்தவை. ஐந்து ஐந்து பெண்களின் அளவு, ஒரு டெசிலிட்டருக்குக் கிராமில்:

குழு அ: 11.8, 12.0, 12.2, 12.4, 12.6
குழு ஆ: 9.2, 10.8, 12.4, 13.8, 14.8

இரண்டு குழுக்களின் சராசரியும் 12.2. கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழ் இருந்தால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. சராசரியை மட்டும் பார்த்தால் இரண்டு குழுவும் நலமே. திட்ட விலக்கத்தைக் காணச் சொல்லுங்கள். குழு அ-வுக்கு 0.28, குழு ஆ-வுக்கு 2.02. இப்போது ஒவ்வொருவராகப் பார்க்கட்டும். குழு அ-வில் ஒருவர் மட்டும், அதுவும் எல்லைக்குச் சற்றே கீழே. குழு ஆ-வில் இருவர், இருவரும் 11-க்கும் கீழே. மாத்திரையும் மருத்துவரின் கவனிப்பும் முதலில் யாருக்கு வேண்டும் என்பதைத் திட்ட விலக்கம்தான் காட்டிக்கொடுக்கிறது.

தேசியக் குடும்ப நல ஆய்வு 2019–21-இன்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்த எண் சராசரியைச் சொல்லவில்லை. எல்லைக்குக் கீழே எத்தனை பேர் என்று சொல்கிறது. இந்த வேறுபாட்டைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போகலாம்.

ஒரு எச்சரிக்கை: நம் மாணவிகளின் உண்மையான ஹீமோகுளோபின் அளவையோ எடையையோ இந்தப் பயிற்சிக்குப் பயன்படுத்த வேண்டாம். பெயர் எழுதாவிட்டாலும் யாருடைய எண் என்று வகுப்புக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாம் பாடவேளை: சேத்துப்பட்டுக் கேள்வி

1950-களில் காசநோயாளிகள் ஏராளம். மருத்துவமனைப் படுக்கைகள் குறைவு. சானடோரியத்தில் ஓய்வு, நல்ல உணவு, செவிலியர் கவனிப்பு ஆகியவை இருந்தால்தான் நோய் தீரும் என்பது அன்றைய நம்பிக்கை. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து அமைத்த மையம் அது. இன்று அதன் பெயர் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது: ஒரே மருந்தை ஓர் ஆண்டு கொடுத்தால், நெருக்கடியான வீட்டில் இருக்கும் ஏழை நோயாளிக்கும் சானடோரியத்தில் இருப்பவர் போலவே குணமாகுமா? 193 நோயாளிகளைச் சேர்த்தார்கள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதைச் சீட்டுக் குலுக்குவது போலச் சமவாய்ப்பு முறையில் முடிவு செய்தார்கள். வீட்டில் இருந்தவர்களைச் செவிலியர்கள் தேடிச் சென்று பார்த்தார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். மருந்து உட்கொண்டதை அறியச் சிறுநீரைப் பரிசோதித்தார்கள்.

ஓர் ஆண்டு முடிவில் சளியில் கிருமி இல்லாமல் நோய் அடங்கியவர்கள், சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம்.

இங்கே நிறுத்தி, ‘எது சிறந்தது?’ என்று கேளுங்கள். ‘சானடோரியம்தான் சார், 6 கூடுதல்’ என்று வகுப்பே சொல்லும். மறுக்க வேண்டாம், புளியங்கொட்டையை எடுங்கள்.

செயல்பாடு: இரண்டு முறையும் உண்மையில் சமம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் பொதுவாக 89 சதவீதம் குணம், அதாவது ஒன்பது பேரில் ஏறத்தாழ ஒருவருக்குக் குணமாகவில்லை. ஒரு பையில் 9 புளியங்கொட்டைகள். ஒன்றில் மட்டும் மைப் புள்ளி. பார்க்காமல் ஒன்றை எடுத்து, குறித்துக்கொண்டு, திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். இப்படி 80 முறை. இது ஒரு குழுவின் 80 நோயாளிகள். பக்கத்துக் குழுவும் அதேபோல் 80 முறை எடுக்கட்டும். பிறகு இரு குழுக்களின் புள்ளிக் கொட்டை எண்ணிக்கையை ஒப்பிடுங்கள்.

80 பேரில் 6 சதவீதம் என்பது ஏறத்தாழ 5 பேர். பைகள் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தாலும், நான்கு ஜோடிகளில் ஏறத்தாழ ஒன்றில் 5 அல்லது அதற்கு மேற்பட்ட வேறுபாடு தானாகவே வரும் என்பது நிகழ்தகவுக் கணக்கு. தன் கையால் எடுத்த கொட்டை அப்படிக் காட்டும்போது, ‘6 கூடுதல்’ என்று சொன்ன மாணவரே யோசிக்கத் தொடங்குவார்.

இனி சூத்திரம். குணமானவருக்கு 1, ஆகாதவருக்கு 0 என மதிப்பு கொடுங்கள். பத்துப் பேரில் ஒன்பது பேருக்குக் குணம் என்றால் சராசரி 0.9. பாடநூல் சூத்திரப்படி திட்ட விலக்கம் காணுங்கள், 0.3 வரும். 0.9 × 0.1 என்பதன் வர்க்கமூலமும் 0.3. ஆக, விகிதத்துக்கான விலக்க வர்க்கச் சராசரி = ப × (1 − ப). இங்கே ‘ப’ என்பது குணமானவர் பங்கு. குழுவின் எண்ணிக்கையால் இதை வகுத்து, இரு குழுக்களுக்கும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் வேறுபாட்டின் திட்டப் பிழை கிடைக்கும்.

வகுப்புக் கணக்குக்காகப் பக்கத்துக்கு 80 பேர் எனக் கொள்வோம்.

சானடோரியம்: 0.92 × 0.08 ÷ 80 = 0.00092
வீடு: 0.86 × 0.14 ÷ 80 = 0.001505
கூட்டுத்தொகை: 0.002425
வர்க்கமூலம்: ஏறத்தாழ 0.049, அதாவது 4.9 சதவீதம்

இதன் இரு மடங்கு ஏறத்தாழ 10. ஆகவே வேறுபாடு 6 − 10 முதல் 6 + 10 வரை, அதாவது −4 முதல் 16 வரை. இதை 95 சதவீத நம்பிக்கை இடைவெளி என்கிறார்கள். இதே முறையில் நூறு ஆய்வுகள் நடத்தி நூறு இடைவெளிகள் கண்டால், ஏறத்தாழ 95 இடைவெளிகளுக்குள் உண்மையான வேறுபாடு அடங்கும்.

விடையை வாசிப்பதில் நிதானம் வேண்டும். இடைவெளிக்குள் பூச்சியம் இருப்பதால் ‘வேறுபாடே இல்லை என நிரூபணமாயிற்று’ என்று மாணவர் எழுதுவார். அது தவறு. வேறுபாடு இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல இந்த எண்கள் போதவில்லை என்பதே சரியான வாசிப்பு. சானடோரியம் 16 சதவீதம் வரை மேலாக இருக்கவும் இடமுண்டு. அதனால்தான் ஆய்வாளர்கள் ஓர் ஆண்டோடு நிறுத்தவில்லை. நோயாளிகளையும் அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தினரையும் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வீட்டுச் சிகிச்சைக் குழுவின் குடும்பங்களில் நோய் கூடுதலாகப் பரவியதாகத் தெரியவில்லை. வீட்டிலிருந்தே மருந்து உட்கொள்ளும் இன்றைய முறை உலகெங்கும் பரவ இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். சம்பாதிப்பவர் ஓர் ஆண்டு வீட்டை விட்டுப் போகாமலே குணமாகலாம் என்பது எத்தனை குடும்பங்களுக்கு உதவியிருக்கும் என்று வகுப்பில் பேசலாம்.

மூன்றாம் பாடவேளை: திருவள்ளூர் பி.சி.ஜி. ஆய்வு

1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. இன்றைய காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்கள் அன்று அதற்குள் இருந்தன. பதிவு செய்யப்பட்டவர்கள் 3,66,625 பேர். அவர்களில் 2,81,161 பேருக்குச் சமவாய்ப்பு முறையில் பி.சி.ஜி. அல்லது மருந்தில்லாத போலி ஊசி போடப்பட்டது. யாருக்கு எது என்பது போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, பரிசோதித்தவருக்கும் தெரியாது. 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள்.

முதல் கணக்கு: தொடக்கத்தில் நோய்த்தொற்றின் அறிகுறி இல்லாதிருந்த 1,09,873 பேரில், 15 ஆண்டுகளில் காசநோய் வந்தவர்கள் 560 பேர். லட்சம் பேருக்கு ஆண்டுக்கு எத்தனை? 560 ÷ 1,09,873 × 1,00,000 ÷ 15 = ஏறத்தாழ 34. ‘560 பேர்’ என்று மட்டும் சொன்னால் அது பெரிதா சிறிதா என்று தெரியாது; பகுதியும் காலமும் சேர்ந்தால்தான் எண்ணுக்குப் பொருள் வரும்.

இரண்டாம் கணக்கு: பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோயிலிருந்து பாதுகாப்பு கிடைக்கவில்லை என்பது ஆய்வு முடிவு. குழந்தைகளுக்குப் பாதுகாப்பு 27 சதவீதம். ‘100 பேரில் 27 பேர் தப்பினார்கள்’ என்றே மாணவர் புரிந்துகொள்வார். பயிற்சி எண்களால் விளக்குங்கள். ஊசி போடாத 10,000 பேரில் 100 பேருக்கு நோய், போட்ட 10,000 பேரில் 73 பேருக்கு நோய் என்றால், பாதுகாப்பு = (100 − 73) ÷ 100 = 27 சதவீதம். ஆனால் மொத்தம் 10,000 பேரில் தப்பியவர்கள் 27 பேர், அதாவது 0.27 சதவீதம். இரண்டும் சரியான எண்களே. எதைச் சொல்கிறார்கள் என்று கேட்கத் தெரிய வேண்டும்.

மூன்றாம் கணக்கு: அந்த 27 சதவீதத்தின் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி −8 முதல் 50 வரை. ‘இரண்டே முக்கால் லட்சம் பேருக்கு மேல் பார்த்தும் இடைவெளி ஏன் இவ்வளவு அகலம்?’ என்று கேளுங்கள். குழந்தைகள் மொத்தத்தில் ஒரு பகுதி. அவர்களிலும் நோய் வந்தவர்கள் மிகச் சிலர். இடைவெளியின் அகலத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நோய் வந்தவர் எண்ணிக்கையே. மாதிரி பெரிதாக இருந்தால் போதும் என்னும் எண்ணம் இங்கே உடைகிறது.

இந்தப் பாடவேளையை முடிக்கும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ‘பி.சி.ஜி. பயனில்லை’ என்று எந்தக் குழந்தையும் வீட்டில் போய்ச் சொல்லக் கூடாது. ஆய்வு அளந்தது சளியில் கிருமி காணப்படும் நுரையீரல் காசநோயை. மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய், உடல் முழுதும் பரவும் காசநோய் போன்ற கடுமையான வகைகளிலிருந்து பச்சிளங்குழந்தைகளை இந்த ஊசி காக்கிறது. அதனால்தான் நம் தடுப்பூசி அட்டவணையில் பிறந்தவுடன் போடும் ஊசியாக அது இன்றும் இருக்கிறது. ஓர் ஆய்வு எந்தக் கேள்விக்கு விடை தந்ததோ அந்தக் கேள்விக்குள்ளேயே அதை நிறுத்துவதும் புள்ளியியல் பாடம்தான்.

சுவரில் ஒட்ட ஐந்து கேள்விகள்

1. எத்தனை பேரில் இந்தச் சதவீதம்?
2. எவ்வளவு காலத்தில்?
3. எதனோடு ஒப்பிட்டார்கள்? குழுக்களை எப்படிப் பிரித்தார்கள்?
4. இடைவெளி எங்கிருந்து எங்குவரை? பூச்சியம் உள்ளே இருக்கிறதா?
5. எதை அளந்தார்கள், எதை அளக்கவில்லை?

நடுநிலை வகுப்புகளுக்கு முதல் இரண்டு கேள்விகள் போதும். ஒரு நிமிட நாடித் துடிப்பை ஒவ்வொருவரும் மூன்று முறை எண்ணி, சராசரியும் வீச்சும் காணலாம். அளவீடு ஒவ்வொரு முறையும் சற்று மாறும் என்பது விளங்கும். தொடக்க வகுப்புகளில் புளியங்கொட்டை விளையாட்டை 10 முறை மட்டும் நடத்தி, எண்ணிக்கையைப் பட விளக்கமாக வரையச் செய்யலாம்.

மதிப்பீட்டுக்கு ஒரு வினா: ‘எங்கள் சத்துமாவு குடித்த 20 குழந்தைகளில் 18 பேருக்கு எடை கூடியது’ என்று ஒரு விளம்பரம் சொல்கிறது. ஐந்து கேள்விகளையும் இதற்குக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுக. வளரும் குழந்தைக்குச் சத்துமாவு இல்லாமலும் எடை கூடும் என்று மூன்றாம் கேள்விக்கு எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.