தாயின் போதகமும் தோராவே

பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த எல்லைக் கிராமங்களில் ஒரே வீட்டில் இரு மொழி வேதாகமங்கள் இருப்பது புதுமையன்று. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லைகள் மாற்றி வகுக்கப்பட்டபோது, விளவங்கோடு தாலுகா அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. பாட்டியின் கையில் தமிழ் வேதாகமம். பேரப்பிள்ளைகளுக்கோ பள்ளிமொழி மலையாளம். குடும்ப ஜெபத்தில் முதலாம் சங்கீதத்தை இருசாராரும் வாசித்தால், இரண்டாம் வசனத்தில் ஒரு வேற்றுமை காதில் விழும். பாக்கியவான் பிரியமாயிருப்பது எதில்? பழைய தமிழ் மொழிபெயர்ப்பு "வேதம்" என்கிறது. 1910ஆம் ஆண்டின் மலையாள மொழிபெயர்ப்போ "நியாயப்பிரமாணம்" என்கிறது. மூலத்தில் இருப்பது "தோரா" என்னும் ஒரே எபிரெயச் சொல்.

இவ்வேற்றுமை சிறிதன்று. நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டவர்கள் அல்லர் என்று பவுலின் நிருபங்களில் படித்த விசுவாசி, அதே நியாயப்பிரமாணத்தில் இரவும் பகலும் மகிழும் ஒருவனைச் சங்கீதத்தில் காணும்போது திகைக்கிறான். பாரம் என்று கேட்டுப் பழகிய ஒன்று இன்பமாவது எப்படி? அதிலும் தென் கேரளத்து மலையாளத்தில் "பிரமாணம்" என்றால் நிலப் பத்திரத்தையும் குறிக்கும். பெட்டிக்குள் பூட்டி வைக்கப்படும் காகிதம் அது. அதில் தியானமாயிருக்க யாருக்கு மனம் வரும்?

"தோரா" என்பது எறிதல், எய்தல் என்னும் பொருளுடைய வினைவேரிலிருந்து பிறந்தது என்று அறிஞர் பலர் கருதுவர். சுட்டிக்காட்டுதல், கற்பித்தல் என்பன அதன் வளர்ந்த பொருள்கள். கற்பிப்பவர் "மோரே". முதலாம் சாமுவேல் 20ஆம் அதிகாரத்தில் யோனத்தான் அம்பு எய்யும் இடத்திலும் எபிரெயத்தில் வருவது இதே "மோரே" என்னும் வடிவம்தான். அங்கே அம்பு கொல்வதற்கு எய்யப்படவில்லை. ஒளிந்திருக்கும் தாவீதுக்குப் போகவேண்டிய திசையை அறிவிக்கவே எய்யப்பட்டது. தோராவின் இயல்பை விளக்க இதைவிடப் பொருத்தமான காட்சி கிடைப்பது அரிது.

வேதாகமத்தில் இச்சொல் எங்கெல்லாம் வருகிறது என்று பார்த்தால் அதன் விரிவு தெரியும். லேவியராகமத்தில் ஒவ்வொரு பலிக்கும் உரிய முறை தோரா. ஆகாய் தீர்க்கதரிசியின் புத்தகத்தில், தீட்டைக் குறித்து ஆசாரியரிடம் கேட்டறியும் தீர்ப்பு தோரா. ஏசாயா இரண்டாம் அதிகாரத்தில் சீயோனிலிருந்து புறப்படுவதும் தோராவே. தமிழ் அதை "வேதம்" என்கிறது, மலையாளமோ அவ்விடத்தில் "உபதேசம்" என்கிறது. நீதிமொழிகளின் முதலாம் அதிகாரத்திலோ அது தாய் தன் மகனுக்குச் சொல்லும் புத்தி. தமிழ் மொழிபெயர்ப்பாளர் அங்கே "போதகம்" என்றனர். அந்நூலின் கடைசி அதிகாரத்தில் குணசாலியான ஸ்திரீயின் நாவில் இருப்பதும் தயையுள்ள தோரா என்றே எபிரெயத்தில் உள்ளது. ஆசாரியனுக்கு ஒரு சொல், அடுப்பங்கரையில் பேசும் தாய்க்கு வேறொரு சொல் என்று எபிரெயர் பிரிக்கவில்லை.

பின்னாளில் மோசேயின் ஐந்து ஆகமங்களுக்கு இதுவே பெயராயிற்று. அவற்றில் 613 கட்டளைகள் உண்டென்று யூத மரபு எண்ணுகிறது: செய்யவேண்டியவை 248, செய்யத்தகாதவை 365. ஆயினும் ஐந்து ஆகமங்களும் கட்டளைத் தொகுப்பு அல்ல. பிரான்ஸ் நாட்டு யூத ஆசிரியர் ராஷி (1040–1105) ஆதியாகமத்துக்கு எழுதிய உரையின் தொடக்கத்திலேயே ஒரு பழங்கேள்வியை எடுத்துக்கொள்கிறார்: இஸ்ரவேலுக்குக் கொடுக்கப்பட்ட முதற் கட்டளை யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தில் அல்லவா இருக்கிறது, தோரா அங்கிருந்தே தொடங்கியிருக்கலாமே? அதற்கு முந்திய 61 அதிகாரங்களும் பெரும்பாலும் சிருஷ்டிப்பும் பிதாக்களின் சரித்திரமும் அடிமைத்தன வரலாறுமே. அவையும் தோராவே. யூதர் இன்னும் விரிவாக, வேதம் முழுவதையும், பரம்பரையாக வந்த வாய்மொழிப் போதனையையும்கூட இப்பெயரால் வழங்குவதுண்டு. தமிழ் இஸ்லாமியர் "தவ்ராத்" என்பதும் இச்சொல்லின் வழிவந்ததே.

குறுகல் எங்கே நேர்ந்தது? கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சந்திரியாவில் ஐந்து ஆகமங்களைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் தோராவுக்குப் பெரும்பாலும் "நோமோஸ்" என்று எழுதினர். அது சட்டத்தையும் வழக்கத்தையும் குறிக்கும் சொல். புதிய ஏற்பாடு அச்சொல்லையே ஏற்றது. பவுலும் அதை ஒரே பொருளில் ஆளவில்லை. கலாத்தியர் 4ஆம் அதிகாரம் 21, 22 வசனங்களில், நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டிருக்க விரும்புவோரைப் பார்த்து, அதே நியாயப்பிரமாணம் சொல்வதைக் கேளுங்கள் என்கிறார். உடனே அவர் எடுத்துக்காட்டுவது கட்டளையன்று, ஆபிரகாமின் இரு குமாரர்களின் கதை. யோவான் 10ஆம் அதிகாரத்தில் இயேசு 82ஆம் சங்கீதத்தைச் சுட்டும்போதும் "நோமோஸ்" என்ற சொல்லே நிற்கிறது. இவ்விடங்களில் "சட்டம்" என்று மட்டும் கொண்டால் வசனமே பொருள்படாது. தோரா என்றாலே வறண்ட சட்டம், யூதர் அதற்கு அடிமைகள் என்று பிரசங்க மேடைகளில் எளிதாகச் சொல்லப்படுவது இந்தக் குறுகலால்தான்.

அதைக் கைக்கொண்டு வாழ்ந்தவர்கள் அப்படி எண்ணியதில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568ஆம் ஆண்டு கட்டப்பட்ட பரதேசி ஜெபாலயத்தில் தோராச் சுருள்களுக்கு வெள்ளி, பொன் உறைகளும் கிரீடங்களும் உண்டு. அவற்றுள் ஒரு பொற்கிரீடம் திருவிதாங்கூர் மன்னரின் கொடை என்று சொல்லப்பட்டு வருகிறது. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் அந்த அரசுக்கு உட்பட்டிருந்த நாட்கள் அவை. ஆண்டு முழுவதும் வாசித்த ஐந்து ஆகமங்களும் முடிந்து, ஆதியாகமத்தின் முதல் வரி மீண்டும் தொடங்கும் திருநாளுக்கு "சிம்ஹத் தோரா", அதாவது தோராவின் மகிழ்ச்சி என்று பெயர். அன்று கொச்சி யூதர் சுருள்களைக் கைகளில் ஏந்தி, பாடிக்கொண்டே, ஜெபாலயத்தின் வெளிப்புறத்தையும் சுற்றி வந்தார்கள்.