தொட்டியில் வாடும் மட்டி

வயலில் பயிர் வாடினால் நாம் முதலில் தண்ணீரைத்தான் பார்ப்போம். வயலை விட்டு வந்து, கொட்டாஞ்சேனையில் வீட்டு மீன்தொட்டி பராமரிக்கும் வேலை கிடைத்தவர்களும் அவ்வாறே செய்யவேண்டும். கடல்நீர்த் தொட்டியில் வளரும் இராட்சத மட்டி விலை கூடியது. அது செத்தால் வேலையும் போகலாம்.

நலமான மட்டி வெளிச்சத்தில் தன் வண்ணத் தசைமடிப்பை ஓட்டுக்கு வெளியே விரிக்கும். நிழல் பட்டால் சுருக்கும். அத்தசையினுள் வாழும் நுண்பாசியே ஒளியைக் கொண்டு அதற்கு உணவாக்குகிறது. ஒளி போதாவிட்டால் நிறம் வெளிறும். அதற்காகத் திடீரெனக் கடும் விளக்கைப் போடாதீர்கள். இளங்கன்றுக்குப் பந்தல் நிழலைக் குறைப்பதுபோல் நாளாக நாளாகக் கூட்டுங்கள்.

பகலிலும் மூடியே கிடந்தால் உப்பைச் சோதியுங்கள். லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் வேண்டும். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே வற்றிய அளவுக்கு நன்னீரையே ஊற்றவேண்டும்; குழாய்நீரானால் குளோரீன் போக ஒரு நாள் காற்றூட்டிய பின்னரே. கிட்டத்தில் இருக்கிறதே என்று மட்டக்குளிக் கரையில் கடல்நீர் அள்ளாதீர்கள். அங்கே களனி கங்கை கலக்கிறது. மழைக்காலத்தில் உப்பு வெகுவாக இறங்கிவிடும், சேறும் வரும்.

மீன்நோய்க்கு விற்கும் செப்பு மருந்து மட்டிக்கு நஞ்சு. கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் விடவேண்டாம். பாறையை நூல்களால் பற்றியிருப்பதைப் பிடுங்கவும் கூடாது, பாதம் கிழிந்துவிடும்.

புதிதாக வாங்கிவரச் சொன்னால், அனுமதிப் பத்திரம் உண்டா என்று கேளுங்கள். 1985 முதல் எல்லா இராட்சத மட்டி இனங்களும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை.

வாய் பிளந்து, தொட்டும் மூடாத மட்டி இறந்துவிட்டது. உடனே எடுத்துவிட்டு நீரில் ஒரு பங்கை மாற்றுங்கள், மீன்களாவது பிழைக்கும்.