டைம்ஸ் நியூ ரோமன்: மாற்ற வேண்டியது மார்ஜினை

பயோடேட்டாவோ ஆய்வேடோ ரிட் மனுவோ, ஆங்கிலத்தில் எதை அடித்தாலும் டைம்ஸ் நியூ ரோமனைத் தேடுபவர்கள் ஒரு கட்சி. "பழசு, பார்த்தாலே தூக்கம் வருது" என்று காலிப்ரிக்கும் ஏரியலுக்கும் ஓடுபவர்கள் எதிர்க்கட்சி. இரு தரப்பும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. இந்த எழுத்துரு ஏ4 தாளுக்காக வரையப்பட்டதே அல்ல.

லண்டன் 'தி டைம்ஸ்' நாளிதழின் அச்சு மோசம் என்று 1929இல் குறை சொன்னார், மோனோடைப் நிறுவனத்தின் ஆலோசகர் ஸ்டான்லி மோரிசன். குறை சொன்னவரிடமே வேலையை ஒப்படைத்தது நாளிதழ். பழைய பிளான்டின் எழுத்தை முன்மாதிரியாக வைத்து அவர் வழிகாட்ட, அந்த நாளிதழின் ஓவியர் விக்டர் லார்டென்ட் வரைந்து கொடுத்தார். 1932 அக்டோபர் 3 அன்று புதிய எழுத்தில் பத்திரிகை வெளிவந்தது. நாளிதழின் பத்தி குறுகலானது. இடமோ விலை உயர்ந்தது. அதனால் எழுத்துகளை நெருக்கி ஒடுக்கினார்கள். சின்னெழுத்துகளின் உடலைப் பெரிதாக்கி, மேலும் கீழும் நீளும் கோடுகளைக் குட்டையாக்கினார்கள். கோடு முடியும் இடத்தில் நீட்டி நிற்கும் சிறு விளிம்பான செரிப் கூர்மையாக அமைந்தது. குறைந்த இடத்தில் நிறைய சொற்கள், அதுவும் படிக்கும்படியாக: நோக்கம் அவ்வளவுதான்.

அந்த எழுத்தை 12 பாயிண்டில், நான்கு பக்கமும் ஓர் அங்குல மார்ஜின் விட்டு ஏ4 தாளில் ஓட விட்டால் என்ன ஆகும்? ஒரு வரியில் 90 எழுத்துகள் வரை நுழைந்துவிடும். வசதியாகப் படிக்க 45 முதல் 75 வரை போதும் என்பது அச்சுக்கலையில் பழகிய கணக்கு. வரி முடிந்து அடுத்த வரியின் தலையைப் பிடிப்பதற்குள் கண் தடுமாறும். அதிகாரி உங்கள் அறிக்கையைப் பாதியில் மூடி வைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நல்ல மாதிரி ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2020இல் கொண்டுவந்த விதிப்படி, மனுக்கள் ஏ4 தாளில், டைம்ஸ் நியூ ரோமன் 14 பாயிண்டில், ஒன்றரை வரி இடைவெளியில், இடமும் வலமும் 4 செ.மீ. மார்ஜினுடன் இருக்க வேண்டும். 21 செ.மீ. தாளில் எழுத்துக்கு மிஞ்சுவது 13 செ.மீ. அந்த அகலத்தில் ஒரு வரிக்கு ஏறக்குறைய 62 எழுத்துகள் வரும். நீதிமன்றம் இதைக் கணக்குப் போட்டுச் செய்ததோ இல்லையோ, அச்சுக்கலைஞர்கள் கேட்பது இதைத்தான். தனி விதி எதுவும் இல்லாத அறிக்கைக்கு இதையே பின்பற்றலாம். 14 பெரிதாகத் தெரிந்தால் 12 வையுங்கள். ஆனால் மார்ஜினைக் கூட்ட மறக்காதீர்கள். பல்கலைக்கழகமோ உயர் நீதிமன்றமோ தனி விதி வைத்திருந்தால், அதற்கு மேல் வாதம் வேண்டாம்.

பயோடேட்டாவில் கதை வேறு. அங்கே வரிகள் துண்டு துண்டானவை. ஒரே பக்கத்தில் அடக்கவும் வேண்டும். ஒடுங்கிய எழுத்து அங்கே கைகொடுக்கும், 11 பாயிண்ட் போதும். கணக்கு அட்டவணைக்கும் இது நல்ல தேர்வு. இதன் எண்கள் எல்லாம் ஒரே உயரம், ஒரே அகலம். கூட்டல் பத்தியில் இலக்கங்கள் நேராக நிற்கும். திரைக்கென்று மாத்யூ கார்ட்டர் வரைந்த ஜார்ஜியா அழகான செரிப்தான், நீளமான மின்னஞ்சலுக்கு நான் அதையே சொல்வேன். ஆனால் அதன் 3, 4, 5, 7, 9 வரிக்குக் கீழே தொங்கும். சம்பளப் பட்டியலில் அதை வைத்தால் பார்க்கச் சகிக்காது.

தமிழும் ஆங்கிலமும் கலந்த கடிதமா? டைம்ஸ் நியூ ரோமனில் தமிழ் எழுத்தே கிடையாது. எழுத்துருப் பெட்டியில் அந்தப் பெயர் தெரிந்தாலும், வேர்டு சத்தமில்லாமல் லதாவையோ நிர்மலாவையோ எடுத்துப் போட்டிருக்கும். ஆபீஸில் தமிழ் மொழியைச் சேர்த்திருந்தால், கண்ட்ரோலும் டி-யும் அழுத்தியதும் திறக்கும் ஃபான்ட் பெட்டியில் இந்திய மொழிகளுக்கென்று எழுத்துருவும் அளவும் தனியே கேட்கும். தமிழ் எழுத்துருவை அங்கே நீங்களே தேர்ந்தெடுங்கள். ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் தமிழ் பூதாகரமாகத் தெரிந்தால் ஒரு பாயிண்ட் குறையுங்கள்.

தோரணைக்கும் ஒரு விலை உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறை 2004இல் டைம்ஸ் நியூ ரோமனை ஏற்றது, பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு எளிது என்று 2023இல் காலிப்ரிக்கு மாறியது, அலுவல் மிடுக்கு வேண்டும் என்று 2025இல் திரும்பி வந்தது. இரண்டு காரணங்களில் எனக்கு முதலாவதுதான் சரியாகப் படுகிறது. சிறு திரையிலும் கண்ணுக்கு எளிதாக இருப்பதுதான் முக்கியம். எனவே படிப்பவர் கைபேசியில் படிப்பார் என்று தெரிந்தால் மிடுக்கை விட்டுவிடுங்கள்.

கடைசி வேலை, கோப்பை பி.டி.எஃப். ஆக்கி அனுப்புவது. இந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேர்டு கோப்பைத் திறந்தால் வேறொன்று வந்து உட்காரும். லினக்ஸில் வழக்கமாக வரும் லிபரேஷன் செரிப் இதே அகலம் கொண்டது என்பதால் வரிகள் குலையாது. அகலம் கூடிய வேறொன்று வந்தால் ஒரு பக்க பயோடேட்டா இரண்டு பக்கமாகிவிடலாம். பி.டி.எஃப்.பை அனுப்புவதற்கு முன் ஒரு தாள் அச்செடுத்துப் படித்துப் பாருங்கள்.