அணு உலைக்கு எரிபொருள் சேர்ப்பது எப்படி?

பழனி மலைச் சிற்றூர்களில் ஐப்பசி மழைக்கு முன்பே விறகைச் சேர்த்து உலர்த்தி வைப்பார்கள். மழை பிடித்தபின் தேடினால் ஈர விறகுதான் கிடைக்கும். அணுமின் நிலையத்துக்கும் இத்தகைய முன்யோசனை தேவை. ஆனால் அங்கே வாரக் கணக்குப் போதாது. ஆண்டுக் கணக்கு வேண்டும். காரணத்தைக் காண்போம்.

கல்பாக்கத்தில் 1984-லும் 1986-லும் வணிக உற்பத்தியைத் தொடங்கிய இரு உலைகளும் கனநீர் உலைகள். இவற்றின் எரிபொருள் இயற்கை யுரேனியம். அதில் எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235 ஆயிரத்தில் 7 பங்கே உண்டு. அது விரைவில் குறைந்துவிடுவதால், அடிக்கடி புதிய எரிபொருள் ஊட்ட வேண்டும். ஓர் உலையில் 306 குழாய்கள். ஒவ்வொன்றிலும் அரை மீட்டர் நீளமுள்ள 12 எரிபொருள் கட்டுகள். உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓர் இயந்திரம் ஒரு முனையில் புதிய கட்டுகளைச் செருகும். மறுமுனையில் மற்றோர் இயந்திரம் பழையவற்றை வாங்கிக்கொள்ளும். முழுத் திறனில் ஓடும் உலைக்கு நாளொன்றுக்குச் சுமார் 8 கட்டுகள் தேவை.

இக்கட்டுகள் எங்கிருந்து வருகின்றன? ஜார்க்கண்டில் ஜாதுகோடா வட்டாரத்துத் தாதுவில் டன்னுக்கு ஒரு கிலோ யுரேனியம்கூட இராது. அதை அரைத்து, அமிலத்தில் கரைத்து, மஞ்சள் நிறச் சேர்மமாகப் பிரிப்பார்கள். ஐதராபாத் அணு எரிபொருள் வளாகம் அதைத் தூய்மையாக்கி, யுரேனியம் டை ஆக்சைடு வில்லைகளாகச் சுட்டு, சிர்கோனியக் கலவைக் குழாய்களில் அடைத்துக் கட்டுகளாக்கும்.

இச்சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் மின்சாரம் குறையும். 2008-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உள்நாட்டு யுரேனியம் போதாமல், நம் கனநீர் உலைகள் பல ஏறத்தாழப் பாதித் திறனிலேயே ஓடின. பணம் இருந்தும் புதுச் சுரங்கத்தை உடனே திறக்க இயலாதல்லவா? 2008-க்குப் பின் இறக்குமதிக்கு வழி பிறந்தது. ஆயினும் வெளிநாட்டு யுரேனியத்தைப் பன்னாட்டுக் கண்காணிப்பில் உள்ள உலைகளில் மட்டுமே பயன்படுத்தலாம். கல்பாக்கம் உலைகள் அந்த வரிசையில் இல்லை; அவை உள்நாட்டுத் தாதுவையே நம்ப வேண்டும்.

கூடங்குளத்தின் முறை வேறு. அங்கே யுரேனியம்-235 செறிவூட்டப்பட்ட எரிபொருள் ரஷ்யாவிலிருந்து வருகிறது. உலையை நிறுத்தி, மூடியைத் திறந்தே ஒரு பகுதியை மாற்ற முடியும். 2022-ல் வந்த மேம்பட்ட எரிபொருள், 12 மாதங்களுக்குப் பதில் 18 மாதங்கள் இடைவிடாது ஓட வகை செய்கிறது. அடுத்த நிறுத்த நாளைக் கணித்து, அதற்குள் எரிபொருள் வந்து சேருமாறு ஏற்பாடு செய்வார்கள்.

மாணவர்களே, ஒரு கணக்கு: கல்பாக்கம் உலை ஒன்றில் மொத்தம் எத்தனை கட்டுகள்? நாளுக்கு 8 வீதம் மாற்றினால், அத்தனையும் மாற எத்தனை நாள் ஆகும்?

(விடை: 3,672 கட்டுகள், 459 நாட்கள்.)