எட்டாவது சேவையகம்

கடந்த தவணையில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து நூலகத்துக்கென ஒரு சிறு மென்பொருள் செய்தோம். ஆளுக்கொரு பகுதியை வீட்டில் எழுதி, கண்காட்சிக்கு முதல் நாள்தான் ஒன்றாக இணைத்தோம். தனித்தனியே இயங்கியவை சேர்ந்ததும் இயங்கவில்லை. கடைசியாகத் தன் பகுதியைத் தந்த தோழி மீது பழியைப் போட்டோம். அவள் அழுதுகொண்டே வீடு போனாள்.

பிறகு ஒரு சம்பவத்தை வாசித்தேன். 2012 ஆகஸ்ட் 1ஆம் திகதி, அமெரிக்காவில் நைற் கெப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்தது. அதன் புதிய நிரலை எட்டுச் சேவையகங்களில் இட வேண்டியிருந்தது. அதைக் கையால் பிரதி செய்த ஊழியர் ஒன்றைத் தவறவிட்டார். சரிபார்க்க இரண்டாமவர் இருக்கவில்லை. அந்த எட்டாவதில் 2003 முதல் பயன்படாதிருந்த பழைய நிரல் ஒன்று, சந்தை திறந்ததும் இயங்கி, ஓயாமல் கட்டளைகளை அனுப்பியது. பதற்றத்தில் மற்ற ஏழிலிருந்தும் புதிய நிரலை அகற்றினார்கள். அவற்றிலும் பழையதே இயங்கத் தொடங்கியது. சுமார் 45 நிமிடங்களில் 46 கோடி டொலருக்கு மேல் நட்டம். சந்தை திறக்கும் முன்பே கணினித் தொகுதி 97 மின்னஞ்சல்களை அனுப்பியிருந்தது. அவற்றைக் கவனித்துச் செயற்பட யாருமில்லை.

ஊழியர் ஒருவர் மறந்தது உண்மை. ஆனால் ஒருவர் மறந்தால் நிறுவனமே சரியும்படி வேலை ஒழுங்கு அமைந்திருந்ததே பெரிய பிழை.

இதற்கான தீர்வைத்தான் ‘டெவொப்ஸ்’ என்கிறார்கள். மென்பொருளை எழுதுவோரும் அதை இயக்கிப் பராமரிப்போரும் ஒரே குழுவாகப் பொறுப்பேற்பது அதன் அடிப்படை. 2009இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் நடந்த மாநாட்டுடன் இப்பெயர் பரவியது. அதனோடு சேர்ந்ததே ‘தொடர் விநியோகம்’. இதில் ஒவ்வொருவரும் தம் நிரலைச் சிறிது சிறிதாக, நாள்தோறும் பொதுக் களஞ்சியத்தில் சேர்ப்பர். சேர்க்கும்போதெல்லாம் கணினியே பரிசோதனைகளை நடத்தும். தேறியது மட்டும் அடுத்த படிக்குப் போகும். எல்லாச் சேவையகங்களுக்கும் ஒரே தானியங்கி முறையிலேயே அனுப்பப்படும். முதலில் சிலருக்கு மட்டும் கொடுத்துக் கண்காணிப்பதும், பிழை தெரிந்தால் உடனே முந்திய நிலைக்குத் திரும்ப வழி வைத்திருப்பதும் உண்டு.

சகோதரிகளே, விருந்தாளிகளுக்குச் சஹன் வைத்த பிறகா உம்மா ஆணத்தில் உப்புப் பார்க்கிறார்? அடுப்பில் இருக்கும்போதே பார்க்கிறார். குறை சிறிதாக இருக்கும்போது திருத்துவதும் இலகு.

இந்தத் தவணை எங்கள் மென்பொருளை மீண்டும் எழுதுகிறோம். தினமும் இணைக்கிறோம், தினமும் பரிசோதிக்கிறோம். பிழை வந்தால், “யார் செய்தது?” என்று கேட்பதில்லை, “எந்தப் படியில் தப்பியது?” என்றே கேட்கிறோம். அந்தத் தோழியிடம் மூவரும் மன்னிப்புக் கேட்டோம். இப்போது பரிசோதனைகளை எழுதுவது அவள்தான்.