அணையாத மஞ்சள் விளக்கு

வசூலுக்கும் கொள்முதலுக்கும் பழைய கார் வைத்திருக்கும் வணிகர்கள் நம்மில் ஏராளம். டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால், "வண்டிதான் ஓடுகிறதே" என்று விட்டுவிடுகிறோம். நாங்களும் நான்கு மாதம் அப்படித்தான் விட்டோம்.

எங்கள் மண்டியின் பெட்ரோல் கார் 2014-ல் வாங்கியது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடியது, 12-க்கு இறங்கிவிட்டது. கார் ஓட்டும் தம்பி பெட்ரோல் கணக்கில் கை வைக்கிறாரோ என்றுகூட நினைத்தோம். ஒரு பட்டறையில் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினார்கள். விளக்கு அணைந்தது; மூன்றாம் நாள் மறுபடி எரிந்தது. வேறொரு பட்டறையில் ஸ்கேனர் வைத்துப் பார்த்து, "பி0171 வருகிறது, ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது" என்று புதிதாக மாட்டினார்கள். பணம் போயிற்று, விளக்கு போகவில்லை.

பி0171 என்பதற்கு, காற்றுக்குத் தக்க பெட்ரோல் சேரவில்லை என்று காரின் கம்ப்யூட்டர் கருதுகிறது என்றே பொருள். கெட்ட பாகம் எது என்று அந்த எண் சொல்லாது. இருப்பில் ஐந்து கிலோ பருப்பு குறைந்தால் சாக்கு ஓட்டையா, தராசுக் கோளாறா, எலியா என்று நாம்தானே பார்க்கிறோம்? இங்கும் அப்படித்தான். ரப்பர் குழாய் விரிசல், பில்டர் அடைப்பு, பம்ப் தளர்ச்சி, புகைக் குழாய்க் கசிவு எனப் பல காரணம் இருக்கலாம்.

மூன்றாவதாகப் பார்த்த வயதான மெக்கானிக் ஸ்கேனரை எடுக்குமுன் ஒன்று கேட்டார்: "காலையில் முதல் ஸ்டார்ட்டில் சத்தம் வருமா?" "டிக் டிக் என்று வரும், சூடானால் குறையும்" என்றார் தம்பி. எங்களிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. நாங்களும் அவரைக் கேட்கவில்லை.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, எக்ஸாஸ்ட் மேனிபோல்டு இணைப்பில் சோப்புத் தண்ணீர் விட்டார். நுரை கிளம்பியது. கேஸ்கெட்டில் வெடிப்பு. அந்த இடுக்கு வழியே புகை வெளியேறுவதோடு வெளிக்காற்றும் உள்ளே இழுக்கப்படுகிறது. சென்சார் அந்தக் காற்றைக் கண்டு "பெட்ரோல் போதவில்லை" என்கிறது. கம்ப்யூட்டர் நம்பிக் கூடுதலாக ஊற்றுகிறது. மைலேஜ் போன வழி இதுதான். எத்தனை சதவீதம் கூட்டுகிறது என்பதையும் ஸ்கேனரிலேயே பார்க்கலாம். எங்கள் காரில் 22 இருந்தது, கேஸ்கெட் மாற்றியபின் 3-க்கு வந்தது. செலவு சென்சார் விலையில் பாதிகூட இல்லை.

ஆகவே அழிக்குமுன் எண்ணைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றினால் அந்தப் பதிவும் போய்விடும். விளக்கு விட்டு விட்டு மின்னினால் மட்டும் காத்திருக்க வேண்டாம்; இன்ஜினில் எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சுட்டுக் கெடுத்துவிடும். வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துவதே நல்லது.

அன்று மாலை தம்பியை அழைத்து, அவர்மேல் ஐயப்பட்டதைச் சொன்னோம். "தெரியும் அண்ணாச்சி" என்றார்.