கலப்பினச் சிறு நாய்கள் – பண்பும் பராமரிப்பும்

முன்னுரை

மனிதன் முதன்முதலில் பழக்கிய விலங்கு நாயே என்பர் அறிஞர். இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை முதலிய பெயர்பெற்ற நாயினங்கள் தமிழகத்தின் தென் மாவட்டங்களுக்கு உரியவை. நம் காவிரிப் பாசனப் பகுதியின் வீட்டுத் திண்ணைகளில் நாம் காண்பதோ ‘பொமரேனியன்’ என்று அழைக்கப்படும் வெண்ணிறச் சிறு நாயும், அது நாட்டு நாயுடன் கலந்து பிறந்த குட்டிகளுமே ஆகும். இக்கலப்பினத்தின் பண்புகளையும், அதனை வளர்க்கும் முறையையும் இக்கட்டுரையில் காண்போம்.

பெற்றோர் யார்?

நாம் பொமரேனியன் என்று கூறுவது பெரும்பாலும் உண்மையான பொமரேனியன் அன்று. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் கொண்டுவரப்பட்ட ஜெர்மன் ஸ்பிட்ஸ் நாய்களிலிருந்து இந்நாட்டில் உருவான ‘இந்தியன் ஸ்பிட்ஸ்’ ஆகும். உண்மைப் பொமரேனியன் 3 கிலோ அளவே இருக்கும். இந்தியன் ஸ்பிட்ஸின் சிறு வகை 5 முதல் 7 கிலோ வரை இருக்கும். மற்றொரு பெற்றோரான நாட்டு நாய் குட்டை மயிரும், ஒட்டிய வயிறும் உடையது. நம் வெயிலுக்குப் பழகியது.

மெண்டல் விதியும் குட்டிகளும்

நாய்க்கு 39 இணை குரோமோசோம்கள் உண்டு. நீண்ட மயிர் ஒடுங்கு பண்பு. குட்டை மயிர் ஓங்கு பண்பு. ஸ்பிட்ஸின் வெண்மையும் ஒடுங்கு பண்பே. எனவே வெள்ளை ஸ்பிட்ஸும் பழுப்பு நாட்டு நாயும் இணைந்தால் முதல் தலைமுறைக் குட்டிகள் பெரும்பாலும் குட்டை மயிருடன், வெண்மையின்றிப் பிறக்கும். அம்முதல் தலைமுறை நாய்கள் தமக்குள் இணையும்போது, சராசரியாக நான்கில் ஒன்று நீண்ட மயிருடன் பிறக்கலாம். இதை அறியாதோர், ‘ஜாதி கெட்டுவிட்டது’ என்று குட்டிகளைக் கோணியில் கட்டிச் சந்தைத் திடலில் விட்டுவிடுகின்றனர். வகுப்பறையில் பட்டாணிச் செடியைக் கொண்டு நாம் படிக்கும் விதி ஒரு குட்டியின் உயிரையே நிர்ணயிக்கிறது என்பது சிந்திக்கத்தக்கது.

ஒன்றை மறத்தலாகாது: சிறிய பெட்டையைப் பெரிய கடுவனுடன் சேர்த்தால் குட்டி பெரிதாகி ஈனுவது கடினமாகும். கர்ப்பகாலம் ஏறக்குறைய 63 நாள்.

குணங்கள்

ஸ்பிட்ஸ் கலப்பு நாய் கூர்மையான செவியுடையது. அந்நியரைக் கண்டால் ஓயாது குரைக்கும். வீட்டாரிடம் பாசமும், தனிமையில் விடப்பட்டால் ஏக்கமும் மிகுந்தது. சிறு வயதிலேயே குழந்தைகளுடனும் விருந்தினருடனும் பழக்கினால் கடிக்கும் வழக்கம் குறையும்.

நம் பகுதிக்கேற்ற பராமரிப்பு

1. வெயில்: நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் பாதங்களிலேயே உள்ளன. நாக்கை நீட்டி இளைத்தே அது உடலைத் தணிக்கிறது. சித்திரை, வைகாசியில் நண்பகலில் வெளியே நடத்தக் கூடாது. மயிரை மழிப்பதும் தவறு. தோல் வெயிலில் புண்ணாகும்.

2. உணவு: வெறும் தயிர்ச்சோறு போதாது. முட்டை, வேகவைத்த மீன் அல்லது இறைச்சி சேர்க்க வேண்டும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நஞ்சு. சமைத்த கோழி எலும்பு சிலாம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

3. வயலும் எலியும்: சம்பாப் பயிரில் எலிக்கு வைக்கும் சிங்க் பாஸ்பைடு மருந்தைத் தின்ற எலியை நாய் தின்றால் நாயும் மடியக்கூடும். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரால் எலிக்காய்ச்சல் பரவும். அது மனிதருக்கும் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாயை வாய்க்கால் நீரில் அலையவிடாமல் காப்பது நன்று. உண்ணிகளை வாரந்தோறும் பார்த்து அகற்ற வேண்டும்.

தடுப்பூசி

பார்வோ என்னும் வைரஸ் 1978இல் கண்டறியப்பட்டது. இரத்தக் கழிச்சலால் சில நாட்களில் குட்டியைக் கொல்லும். மண்ணில் பல மாதம் உயிர்ப்புடன் இருக்கும். இதற்கான ஊசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை மருத்துவர் கூறும் இடைவெளியில் போட வேண்டும்.

வெறிநாய்க்கடி நோய்க்கு 1885இல் பாஸ்டர் தடுப்பூசி கண்டார். 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தோன்றியது. எனினும் அறிகுறி தோன்றியபின் இந்நோய்க்கு மீட்சி ஏறத்தாழ இல்லை. நாய்க்கு மூன்றாம் மாதத்தில் ஊசி போட்டு, பின் ஆண்டுதோறும் தொடர வேண்டும். ‘வீட்டு நாய்தானே’ என்று எண்ணுதல் பேராபத்து. எந்த நாய் கடித்தாலும் காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி பூசுதல் கேடு. ஊசித் தவணைகளை இடையில் நிறுத்தலாகாது.

முடிவுரை

உள்ளூர்க் கால்நடை மருந்தகம் நமக்கு அருகிலேயே உள்ளது. ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இயங்கி வருகிறது. வளர்க்க இயலாத குட்டிகள் பிறவாதிருக்கக் கருத்தடை அறுவை செய்வித்தல் அறிவுடைமை. குட்டியை வாங்குவதற்கு முன் அதன் 12 முதல் 15 ஆண்டு வாழ்நாளுக்கு நாம் பொறுப்பேற்க இயலுமா என்று எண்ணிப் பார்ப்போம். நிறத்தை நோக்காது உயிரை நோக்கி வளர்ப்போமாக!